கோபிக்காத வாத்தியார்

செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பரீட்சைக் காலத்தில் சென்றிருக்கிறீர்களா? மாணவர் ஒருவர் கைப்பேசியில் கேள்வியைத் தட்டுகிறார். பொத்தேரி நிலையம் வருமுன் விடை வந்துவிடுகிறது. தருவது செயற்கை நுண்ணறிவுப் படிப்புத் துணைவன். எத்தனை முறை கேட்டாலும் அது கோபிப்பதில்லை; மாணவர்களுக்கு அதைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் கேட்பவர், வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க எவ்வளவு கூசுவார் என்பது நாம் அறிந்ததே.

தமிழிலும் கேட்கலாம். இந்த இயந்திரம் எழுத்தைத் துண்டுகளாக்கியே படிக்கிறது. ஓபன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் காட்டிய உதாரணத்தில், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ் வாசகம் 35 துண்டுகளில் அடங்கியது. துண்டு குறைந்தால் செலவும் தாமதமும் குறையும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இதே மாவட்டத்து மாமல்லபுரத்தில், பாதியில் நின்றுபோன பாறைகளைப் பாருங்கள். சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, கட்டம் கட்டமாகக் கல்லைப் பெயர்த்த உளித்தடம் இன்றும் தெரிகிறது. பல்லவச் சிற்பிகளின் வேலைமுறையை நமக்குச் சொல்பவை இவைதாம். மெருகேறிய சிற்பங்கள் அதைச் சொல்வதில்லை. துணைவனிடம் அவசரமாகக் கேட்டால் கிடைப்பதோ மெருகேறிய விடை மட்டும்.

2023-இல் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். இயந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, இயந்திரத்தையே காணாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு விடையை மறைத்து, ஆசிரியர்கள் வகுத்த துப்பு மட்டும் தரப்பட்டது. அவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள். பரீட்சையில் பெரிய நஷ்டமில்லை, லாபமும் இல்லை! எனக்குக் கவலை தருவது வேறொன்று: பின்தங்கியவர்களுக்குத் தாங்கள் பின்தங்கியதே தெரியவில்லை. மதிப்பெண்ணை நம்பி வேலைக்குப் போகவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு இது சிறிய விஷயமா?

விடையை உடனே சொல்லாமல், கேள்வி கேட்டு நடத்திச் செல்லும் படிப்பு முறையை 2025 ஜூலையில் ஓபன்ஏஐ வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதை நிறுத்தும் பொத்தானும் மாணவர் கையிலேயே இருக்கிறது. மறுநாள் பரீட்சை, மணி இரவு பதினொன்று என்றால், எத்தனை பேர் அதைத் தொடாமல் இருப்பார்கள்?