கேள்விக்கு எல்லை வகுத்த கல்வி

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பாடசாலைகளைப் பற்றி இரு முடிவுகள் நம்மிடையே வழங்குகின்றன. அவை அறிவொளி பரப்பின என்பது ஒன்று. மதமாற்றத்தின் கருவிகளாகவே இயங்கின என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மைகளே. அவை மாணவனுக்குச் சிந்திக்கும் கருவியை வழங்கின. அதனை எங்கே பயன்படுத்தலாகாது என்றும் விதித்தன. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வது இன்றைய ஆசிரியர்க்கு இன்றியமையாதது.

1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியை நோக்குவோம். அங்கே கணிதமும் வானநூலும் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. ஊர்ப் பஞ்சாங்கத்தின் கிரகணக் கணிப்பை மேனாட்டு வானநூல் கொண்டு மிஷனரிமார் சோதித்துக் காட்டினர். முன்னோர் சொன்னது என்பதற்காக எதனையும் ஏற்றல் வேண்டா என்பதே அதன் உட்பொருள். ஆயின், அதே அளவுகோலை விவிலியத்தின்மீது வைப்பதை அவர்கள் விரும்பினாரல்லர்.

அளவுகோலோ அவர்கள் கையோடு நிற்கவில்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1854 இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகார'த்தில் விவிலியத்தைக் கொண்டே மிஷனரிமாருக்கு விடையிறுத்தார். செமினரியிற் கற்றோர் பலர் மிஷன் ஊழியத்தை விடுத்து அரசாங்க உத்தியோகத்தை நாடினர். ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்ற கருத்து வலுப்பெற, 1855 இல் செமினரி மூடப்பட்டது.

எனினும், நாவலரின் எதிர்ப்பைச் சுதந்திர சிந்தனையின் வெற்றியெனக் கொண்டாடிவிடலாகாது. கிறிஸ்தவ வினாவிடைக்கு எதிராகச் சைவ வினாவிடை எழுந்தது. விடைகள் மாறின, வினாவையும் விடையையும் ஆசிரியரே வைத்திருக்கும் முறை மாறவில்லை. சாதியொழுங்கு அங்கே கேள்விக்கு உள்ளாகவுமில்லை.

அக்கேள்வியைப் பின்னர் எழுப்பியோருள் யாழ்ப்பாணக் கல்லூரியிற் பயின்று அங்கேயே கற்பித்த ஹன்டி பேரின்பநாயகம் முதன்மையானவர். 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம் தீண்டாமையை எதிர்த்தது. பூரண சுயராச்சியம் கோரி 1931 இன் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. இங்கே வினா பாடநூலிலிருந்து பிறக்கவில்லை, சமுதாயத்திலிருந்து பிறந்தது. இவ்வேறுபாடே நமக்குப் படிப்பினையாகும்.

1960-61 இல் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. சில தனியார் பாடசாலைகளாகவே நிலைத்தன. நிர்வாகம் மாறியபோதும் வினாவிடை மரபு மறையவில்லை. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். பரீட்சைக்கு மனனமே போதுமானதாக இருக்கிறது.

திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் உவமையை எண்ணிப் பாருங்கள். நாள் முழுதும் உழைத்தவனுக்கும் ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் ஒரே கூலி. முணுமுணுத்தவர்களை எசமானன் அடக்குகிறான். இது இறையருளைக் குறிக்கும் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால், தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையகத்து மாணவி ஒருத்தி, கூலியை முடிவுசெய்யும் உரிமை எசமானனுக்கு மட்டும் எவ்வாறு வந்தது என்று வினவினால் ஆசிரியர் என் செய்வார்? "அது பாடத்தில் இல்லை" என்பாராயின், செமினரியின் எல்லைக்கோட்டை அவரே மீண்டும் வரைகின்றார்.

அம்மாணவியின் விசுவாசத்தைக் குலைப்பது ஆசிரியரின் வேலையன்று. தம் கொள்கையை அவள்மீது சுமத்துவதும் அன்று. முற்போக்கு ஆசிரியர்க்கும் இது பொருந்தும்: யேசுவின் இடத்தில் மார்க்ஸை வைத்து மனனஞ் செய்விப்பதும் வினாவிடையே. வினாவை வகுப்பின் முன் வைத்து, இரு பக்க நியாயங்களையும் மாணவரே ஆராய்ந்து, ஆசிரியரையும் மறுத்துரைக்க இடமளிப்பதே கடமை. அதற்கு அஞ்சும் பாடசாலை, எச்சமயத்தினதாயினும், கல்வியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகின்றது.