உளியும் வில்லுக்கத்தியும்

மரச்சிற்பம் என்றதும் நம் விமர்சகர்களின் பார்வை கோயில் தேருக்குப் போகும். இன்னும் சற்றுத் தூரம் போனால் எம்பக்கே தேவாலயத்துத் தூண்களில் போய் நிற்கும். மன்னார்க் கரையில், கடலுக்குப் போகாத நாளில், வாடியின் நிழலில் குந்தியிருந்து ஒரு பூவரசங் கொம்பை வில்லுக்கத்தியால் சீவிக்கொண்டிருக்கும் மனிதனிடம் அது போவதில்லை. அவனுக்குக் குரு இல்லை. குலத்தொழில் என்ற பட்டயமும் இல்லை. பார்த்துப் பழகி, விரலை அறுத்துக்கொண்டு கற்றவன் அவன். அவன் செய்வதைக் கலையென்று கொள்வதா, பொழுதுபோக்கென்று தள்ளுவதா? இது வெறும் இரசனைக் கேள்வியன்று. யாருடைய உழைப்புக்கு வரலாறு உண்டு, யாருடைய உழைப்புக்கு இல்லை என்ற கேள்வி இது.

இத்துறையில் நமக்கு வழிகாட்டியாக வைக்கப்படுபவர் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அவருடைய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டுமே அச்சான நூல் அது. தொழிற்சாலை மனிதனை இயந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிவிட்டது என்று மொறிஸ் எழுப்பிய குரலைக் குமாரசுவாமி கீழைத்தேயத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கண்டனத்தின் ஒவ்வொரு சொல்லையும் நாம் ஏற்கிறோம். ஆனால் மொறிஸ் சோஷலிசத்தை நோக்கி நடந்தார். குமாரசுவாமியோ பின்னோக்கி, அரசனும் ஆலயமும் மானிய நிலம் கொடுத்துக் காத்த பரம்பரைக் கைவினைஞனிடம் போய்ச் சேர்ந்தார். 1909இல் வந்த ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற நூலிலும் அவர் போற்றுவது அவனையே. தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு இறங்கிய அந்த வித்தையின் அருமையை மறுப்பவர் மூடர். எனினும் உளியை யார் பிடிக்கலாம் என்பதைப் பிறப்புத் தீர்மானித்தது என்பதும் அதே வித்தையின் விலைதான். கடற்கரையில் கத்தி பிடித்தவனுக்கு அந்த நூல்களின் சட்டகத்தில் இடமில்லை.

அவன் கையைச் சற்று உற்றுப் பார்ப்போம். மன்னார்த் தீவு மணலும் பனையும் நிறைந்த வறண்ட நிலம். பனையின் கறுத்த வைரம் சிராய் சிராயாகப் பிளக்குமேயன்றிக் குறுக்கே வெட்டும் கத்திக்கு வளைந்து கொடுக்காது. பெருநிலத்துக் காடுகளின் பாலை மரத்திலோ கத்தியின் வாய் மழுங்கிவிடும். வந்தோரெல்லாம் வியந்து நிற்கும் பள்ளிமுனைப் பெருக்கமரம் இருக்கிறதே, அதன் உள்மரம் நீர் கோத்த பஞ்சு. செதுக்குபவனுக்கு அது வெறும் நிழல்தான்! எஞ்சுவன பூவரசு, வேம்பு, முள்முருக்கு போன்றவை. முருக்கு மென்மையானது, விரைவில் வடிவு கொள்ளும். ஆனால் மெல்லிய விளிம்பு அதில் நில்லாது, நொறுங்கிவிடும். பூவரசில் விளிம்பு நிற்கும், ஆனால் கை வலிக்கும். பச்சை மரம் கத்திக்கு இணங்கும். உலரும்போது சுருங்கி, நடுச்சோற்றிலிருந்து வெடிக்கத் தொடங்கும். ஆகவே அறிந்தவன் கொம்பை முதலில் பிளந்து, அந்த நடுவை நீக்கிவிட்டு, மிச்சத்தை நிழலில் உலர வைப்பான். இவ்வறிவை அவனுக்கு எந்தச் சிற்பநூலும் தரவில்லை. வெடித்துப் போன பத்து மரத்துண்டுகள் தந்தன.

சிற்பநூல் கற்றவன் அளவில் தொடங்குகிறான். முகத்தின் நீளம் ஒரு தாளம், முழு உருவம் ஒன்பது தாளம் என்ற கணக்கை மரத்தின்மேல் ஏற்றுகிறான். வில்லுக்கத்திக்காரன் கொம்பின் வளைவில் தொடங்குகிறான். கவட்டைக் கிளையில் இரு கால்களைக் காண்கிறான். முடிச்சு விழுந்த இடத்தைத் தோளாக்குகிறான். இது கற்பனை வறட்சியல்ல, கடற்றொழிலின் புத்தி. வள்ளத்தின் விலா மரத்துக்கு இயற்கையாகவே வளைந்த கொம்பைத் தேடுவது மரக்கலம் கட்டுவோர் உலகெங்கும் கண்ட வழி. நேர்மரத்தை வளைவாக வெட்டினால் நாரோட்டம் அறுபட்டு, அலையின் முதல் அடியிலேயே முறியும். துடுப்பும் மிதப்பும் வலை பின்னும் ஊசியும் செய்து பழகிய கை, பொம்மை செய்யும்போதும் நாரோட்டத்தை அறுக்காது. அதனால்தான் அவனுடைய உருவங்கள் கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நிற்கின்றன. அந்த விறைப்பைப் ‘பாமரத்தனம்’ என்று எழுதுபவர் மரத்தையும் அறியார், மனிதனையும் அறியார்.

வேறொரு நாட்டைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டோவர் நகரில் ஏர்னஸ்ட் வாதர் என்றொரு தொழிலாளி இருந்தார் (1885–1973). பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம், உருக்காலையில் வேலை. ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றோடொன்று கோத்து அசையும் 511 குறடுகளைச் சீவியெடுத்தார். பின்னர் நீராவி இயந்திரங்களை உறுப்புப் பிசகாமல் செதுக்கினார். இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் உண்டு. குருவில்லாத கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வாதரே சான்று. ஆயினும் அவர் பெயர் நிலைத்தது கையின் திறத்தால் மட்டுமன்று. செய்தவற்றை விற்காமல் ஓரிடத்தில் சேர்த்து வைக்க அவருக்கு இயன்றது. துடுப்பாகவும் மிதப்பாகவும் கடலில் தேய்ந்து போகும் பொருளைச் செய்பவனுக்கு அந்த வாய்ப்பு ஏது?

நைலோன் வலையும் பிளாஸ்டிக் மிதப்பும் கண்ணாடியிழைப் படகும் வந்தபின் கத்தியின் அன்றாட வேலை குறைந்தது. கடலில் உழைப்பவனின் சுமை குறைந்ததை நாம் வரவேற்கிறோம். பழைய துடுப்புக்காக ஒப்பாரி வைப்பது நம் வேலையல்ல. ஆனால் அதன்மேல் யுத்தம் வந்தது. 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தன. அப்படிப் போகிறவர்கள் மரப்பொம்மையைத் தூக்கிக்கொண்டா போவார்கள்?

1960களின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நம் வாசகர் அறிவர். மக்களின் பேச்சு ‘இழிசனர் வழக்கு’ என்று ஏசப்பட்டபோது முற்போக்கு எழுத்தாளர் அதற்காக வாதாடி வென்றனர். அந்த வாதம் நாவோடு நின்றுவிட்டது, கைக்கு வரவில்லை. அரசின் கைவினைக் கடைகளோ விற்கும் பொருளைத்தான் கேட்கின்றன. தமிழகத்து அரும்பாவூர் மரச்சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அது ஓர் ஊரின் கூட்டு மரபுக்குக் கிடைக்கும் காப்பு. தனியொருவனாய்க் கற்றவன் அதற்கும் வெளியே நிற்கிறான்.

மன்னாரிலேயே ஒரு சோதனைக்களம் இருக்கிறது. பேசாலையில் உடக்குப் பாஸ் என்று வழங்கும் மரபில், கிறிஸ்துவின் பாடுகளை நடிப்பவர் மனிதரல்லர், உறுப்பசையும் சுரூபங்கள். தவக்காலத்தில் பாடப்படும் ‘வியாகுலப் பிரசங்க’த்தை இயற்றிய யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி (1676–1742) இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர்; அது தக்கதே. சுரூபத்தின் தோள்மூட்டைச் செய்த கைக்கு அவ்வரலாற்றில் ஒரு வரியும் இல்லை. மூட்டு இறுகினால் கை உயராது. தளர்ந்தால் செத்த கையாய்த் தொங்கும். கடற்காற்றின் ஈரத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும்; இரண்டுக்கும் இடங்கொடுத்து ஒரு மயிரிழை இடைவெளியை விட வேண்டும். துயரத்தின் உச்சத்தில் அந்தக் கை சிக்கிக்கொண்டால் பாட்டு எவ்வளவு உருக்கமாயிருந்தும் பயனில்லை. மன்னார்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் நாட்டார் பாடலை ஒலிப்பதிவு செய்யப் புறப்படும்போது ஓர் அளவுகோலையும் கொண்டு போகட்டும். அந்த இடைவெளியை அளந்து, மூட்டைப் படம் வரைந்து, எந்த மரம், எந்தக் கத்தி என்று ஊர் முதியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும்.