மேஜை பெரிதா, ஆட்டம் பெரிதா?

அம்பத்தூரில் என் தங்கை வீட்டுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் "வாங்க மாமா" என்று மருமான் எதிரே வந்து நிற்பான். சென்ற மாதம் போனபோது வரவில்லை. உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"துரை தோத்துட்டு வந்திருக்கார். ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடலே" என்றாள் தங்கை.

தோற்றது பரீட்சையில் அல்ல, பில்லியர்ட்ஸில். ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கூடத்தில் பையன் இரண்டு வருஷமாக ஆடுகிறான். அங்கே அவனை ஜெயிக்க ஆளில்லையாம். அந்தத் தைரியத்தில் நகரத்துக்குள் நடந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். முதல் சுற்றிலேயே கதை முடிந்துவிட்டது.

"அது டேபிளே இல்லே மாமா, மைதானம்!" என்றான்.

அவன் பழகியது 7 அடி மேஜை. போட்டியில் போட்டிருந்தது 9 அடி. தோல்வியைக்கூட அவன் ஜீரணித்திருப்பான். ஆட்டம் முடிந்ததும் பெரிய மனிதர் ஒருவர் தோளைத் தட்டி, "தம்பி, நீ பழகினது மேஜை இல்லை, பொம்மை" என்றாராம். அந்தச் சொல்தான் உள்ளே போய்த் தைத்திருக்கிறது.

அந்தப் பெரிய மனிதரை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய அபிப்பிராயம் எனக்கு நெடுநாளைய அறிமுகம். பெரிய மேஜையில் ஆடுவதே ஆட்டம், சின்ன மேஜை பொழுதுபோக்கு என்கிற அதே குரல்தான், நாவல் எழுதினால்தான் எழுத்தாளன், சிறுகதை கைப்பழக்கம் என்று இலக்கியத்திலும் பேசுகிறது. ஆகையால் கொஞ்சம் சொந்தக் கோபத்தோடுதான் இந்த விசாரணையில் இறங்கினேன் என்பதை வாசகர்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாம் பில்லியர்ட்ஸ் என்று பொதுப்பெயரால் வழங்குவது ஓர் ஆட்டம் அல்ல. மூன்று பந்துகளை வைத்து ஆடும் பழைய இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் ஒன்று. இருபத்திரண்டு பந்துகளோடு ஆடும் ஸ்னூக்கர் ஒன்று. இவ்விரண்டுக்கும் ஒரே மேஜை. பேச்சு வழக்கில் 12 அடிக்கு 6 அடி. ஓரச் சட்டங்களுக்கு உள்ளே அளந்தால் 11 அடி 8½ அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம். மூன்றாவது, அமெரிக்க வழி வந்த பாக்கெட் பில்லியர்ட்ஸ். இதற்குத்தான் 7, 8, 9 அடி என்று மூன்று அளவு மேஜைகள். எல்லா மேஜைகளிலும் நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சர்வதேசப் போட்டிகளில் பெரும்பாலும் 9 அடி; உள்ளளவு 100 அங்குலத்துக்கு 50 அங்குலம். 7 அடி மேஜையின் உள்ளளவு சுமார் 78-க்கு 39. பெருக்கிப் பார்த்தால், 9 அடியின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் 7 அடி. 12 அடியின் பரப்பில் பாதிதான் 9 அடி. பையன் மைதானம் என்று அலறியதில் தப்பில்லை.

சரித்திரப்படியும் அவன் சொன்னது பொருந்தும். புல்தரையில் ஆடிய ஆட்டம்தான் ஒரு காலத்தில் மேஜைமேல் ஏறி பில்லியர்ட்ஸ் ஆயிற்று என்பார்கள். பச்சைத் துணி அந்தப் புல்லின் ஞாபகம். ஸ்னூக்கரோ நம் மண்ணில் பிறந்தது. 1875-இல் ஜபல்பூர் ராணுவ விடுதியில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி, மழைக்காலத்துச் சலிப்பைப் போக்கப் பந்துகளைக் கூட்டி ஆடியதில் உண்டாயிற்று. (பிற்காலத்தில் பிரதம மந்திரியாக இருந்தவர் வேறு சேம்பர்லேன்.) அதன் விதிகள் ஒழுங்குபட்டது 1880-களில், நம் உதகமண்டலம் கிளப்பில். மலையேற்றி வைத்த அந்த மேஜையை நினைத்துப் பாருங்கள். துணிக்கு அடியில் இருப்பது மரப்பலகை அல்ல, ஸ்லேட் கல். முழு அளவு மேஜை ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். துணியில் ஈரம் ஏறினால் பந்து சோம்பும் என்பதால், குளிர்நாட்டில் மேஜைக்கே கணப்பு வைக்கும் வழக்கமும் உண்டு. இத்தனை உபசாரத்தோடு வளர்ந்த ஆட்டத்துக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தால் மன்னித்துவிடலாம்.

ஆனால் கர்வம் வேறு, மதிப்பீடு வேறு. அளவு பெரிதானால் ஆட்டம் கடினமாகிறது என்பது உண்மையா? ஒரு பாதி உண்மை. அடியில் உள்ள பிசகு தூரத்தோடு வளரும். மூன்றடியில் கால் அங்குலம் விலகுகிற பந்து, ஆறடியில் அரை அங்குலம் விலகும். சின்ன மேஜையில் குழியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டாவது உள்ளே விழுகிற பந்து, பெரிய மேஜையில் நிச்சயமாகத் தவறும். போதாததற்கு ஸ்னூக்கர் பந்து சிறிது: 2 1/16 அங்குலம். அமெரிக்கப் பந்து 2¼ அங்குலம். ஸ்னூக்கர் மேஜையின் குழிவாய் வளைந்து குறுகியது. உதட்டில் உரசிய பந்தைத் துப்பிவிடும். அமெரிக்க மேஜையின் வாய் அகலம், விளிம்பு நேர்வெட்டு. கொஞ்சம் தாராள மனசு. ஆகவே, நேராக அடிக்கிற கையைச் சோதிப்பதில் 12 அடிதான் கண்டிப்பான வாத்தியார். பெரிய மனிதர் பொய் சொல்லவில்லை.

மறு பாதியை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தான் மறுநாள் சாயங்காலம் மருமானை எழுப்பி, "வா, உன் பொம்மையைக் காட்டு" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கீழே தையற்கடை. பக்கத்தில் குறுகிய படிக்கட்டு. மேலே நீளமான கூடத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு மேஜைகள். வேலை முடிந்து எஸ்டேட்டிலிருந்து நேரே வந்த இளைஞர்கள், கம்பெனி சட்டையோடேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். மருமான் கோலை எடுத்ததும் இரண்டு பேர் தாமாகவே ஒதுங்கி இடம் விட்டார்கள். அவனுக்கு அங்கே இருந்த மரியாதையை அப்போதுதான் கண்டேன்.

ஆடினான். நான் கவனித்தது இது: 7 அடியானாலும் 9 அடியானாலும் பந்துகள் அதே பதினாறு, அதே பருமன். இடம் மட்டும் ஐந்தில் மூன்று பங்கு. ஆகையால் சின்ன மேஜையில் பந்துகள் திருவிழாக் கூட்டம்போல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. குழி தெரியும், வழி தெரியாது. ஒரு பந்தை விழத்தட்டுவது சுலபம். விழத்தட்டிய பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்க வேண்டும் என்பதுதான் பாடு. ஒரு சாண் அதிகம் ஓடினால் இன்னொரு பந்தின் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். மருமான் ஓர் இடத்தில் அடித்த அடியில் சத்தமே இல்லை. வெள்ளைப் பந்து நாலு விரற்கடை நகர்ந்து, இரண்டு எதிரிப் பந்துகளுக்கு நடுவே இருந்த சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த மூன்று பந்துகளும் அந்தச் சந்து வழியே போயின. தூரம் கேட்பது நேர்மையை. நெருக்கம் கேட்பது யோசனையை. ஒன்றுக்கு மற்றது குறைந்ததென்று யார் சொன்னார்கள்?

அமெரிக்காவில் மதுக்கடை மேஜைகள் பெரும்பாலும் 7 அடிதான். காசு போட்டால் பந்துகளை விடுவிக்கிற ஜாதி. அங்கே எட்டுப் பந்து ஆட்டம் வழங்குகிறது. பதினைந்து பந்துகளும் மேஜையில் நெரிசலாக நிற்கும். ஒன்பதே பந்துகளை வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கோ 9 அடியில்தான் வீச்சு கிடைக்கிறது. எந்த மேஜை பிடிக்கும் என்று ஆட்டக்காரனைக் கேட்பதற்கு முன்னால், எந்த ஆட்டம் ஆடுகிறாய் என்று கேட்க வேண்டும்.

ஆனாலும் மருமானிடம் குறை இல்லாமல் இல்லை. அடிக்கும்போது தோள் அசைகிறது. 7 அடியில் அது தெரியவில்லை, மேஜை மன்னித்துவிடுகிறது. 9 அடியில் தூரம் கண்டு மிரண்டு அவன் பலமாக அடித்திருக்கிறான், தோள் இன்னும் அசைந்திருக்கிறது. முதல் நாவல் எழுதியபோது நானும் இதைத்தான் செய்தேன். சிறுகதையின் அடியையே ஓங்கி அடித்தால் நாவலாகிவிடும் என்று நினைத்தேன். அந்தப் புத்தகத்தைப் பற்றி விமரிசகர்கள் சொன்னதை இப்போது எண்ணிப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அதனால் சிறுகதை பொம்மையாகிவிடாது. ஓர் அளவில் கற்ற நிதானத்தை இன்னோர் அளவுக்குத் தனியாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்னூக்கரில் ஆறு முறை உலக சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ், 9 அடி மேஜைக்கு வந்து ஐரோப்பிய அணிக்காக மோஸ்கோனி கோப்பைப் போட்டிகளில் பல வருஷம் ஆடினார். பெரிய மேஜையின் சக்கரவர்த்தி சின்ன மேஜையில் மறுபடி மாணவனாக நிற்க வெட்கப்படவில்லை.

கூடத்தை விட்டுக் கிளம்பும்போது சுவரோரம் ஒரு குட்டைக் கோல் சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். குழந்தைகளுக்கோ என்று கேட்டேன்.

"இல்லே மாமா. அந்தச் சுவர்ப்பக்கம் பந்து வந்தா முழுக் கோல் இடிக்கும். அதுக்கு."

என் கேள்விக்கு விடை அந்தக் குட்டைக் கோலில் இருந்தது. சாதாரணக் கோலின் நீளம் சுமார் 4 அடி 10 அங்குலம். மேஜையின் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் பின்னால் ஒரு கோல் நீளம் காலி இடம் வேண்டும். கணக்குப் போட்டால், 12 அடி மேஜைக்குக் கூடம் ஏறக்குறைய 21½ அடிக்கு 15½ அடி. 9 அடி மேஜைக்கு 18-க்கு 14. 7 அடிக்கே 16-க்கு 13. அந்த மாடிக் கூடத்தின் அகலத்தை நான் காலடியால் அளந்தேன்: பன்னிரண்டு அடி. பொம்மை மேஜைக்கே ஓரடி போதவில்லை!

இப்போது சொல்லுங்கள், அம்பத்தூர்ப் பையன்கள் 7 அடி மேஜையை விரும்புகிறார்கள் என்று சொல்வதில் ஏதாவது அர்த்தம் உண்டா? விருப்பம் என்பது இரண்டு இருக்கிறவன் பேசுகிற பேச்சு. தையற்கடையின் அகலம் எதுவோ அதுவே மாடியின் அகலம். மாடியின் அகலம் எதுவோ அதற்கேற்ற மேஜை. மேஜை எதுவோ அதற்கேற்ற ஆட்டம். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, "இது உன் ரசனை, இது உன் தகுதி" என்று தீர்ப்புச் சொல்வது விமரிசனம் ஆகாது. வீட்டு வாடகையைப் பார்த்து மனுஷனுக்கு மார்க் போடுகிற காரியம் அது.

இந்த இடத்தில் எனக்குக் கேரம் போர்டு ஞாபகம் வந்தது. கடையில் குழந்தைகளுக்கென்று சின்னப் பலகைகள் விற்கத்தான் விற்கின்றன. ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் ஒரே அளவு: உள்ளே 74 சென்டிமீட்டர் சதுரம், பழைய கணக்கில் 29 அங்குலம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் தோன்றியதே நம் சென்னையில்தான். 1955-இல் ஆவடி காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானம் மற்ற இடங்களில் எவ்வளவு நிறைவேறிற்று என்பதை அரசியல்வாதிகள் பேசட்டும். கேரம் பலகையில் முழுசாக நிறைவேறியிருக்கிறது. நான்கு பேர் உட்கார இடம் இருந்தால் போதும்; போரிக் பவுடர் தூவி, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிட்டால் சரி. ஆவடிக் குடியிருப்பில் ஆடுகிற பலகையும் பூந்தமல்லித் தெருமுனையில் ஆடுகிற பலகையும் உலகப் போட்டியில் ஆடுகிற பலகையும் அளவில் ஒன்றே. பலகையின் வழவழப்பில் வித்தியாசம் இருக்கும், அளவில் இருக்காது.

அதன் பலனைப் பாருங்கள். சென்னை மரியா இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காஸிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வாங்கி வந்தாள். பணக்காரக் கூடங்களில் வளர்ந்தவர்கள் அல்ல இவர்கள். கடல் கடந்து போனபோதும் இவர்கள் எதிரே இருந்தது வீட்டில் இருந்த அதே இருபத்தொன்பது அங்குலம். "இது மைதானம்" என்று மலைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பில்லியர்ட்ஸில் 1958-இல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்று நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தார். வேறு மகா நிபுணர்களும் பின்னால் வந்தார்கள். ஆனால் அந்த மேஜையை எட்டிப் பார்க்க முடியாமலே போன கைகள் எத்தனையோ, யார் எண்ணினார்கள்?

திரும்பி வருகையில் மருமானிடம் இதையெல்லாம் சொன்னேன். மேஜையைப் பற்றிப் பெரியவர் சொன்னது தப்பு, தோளைப் பற்றி அவர் சொல்லாதது நிஜம் என்றேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான்.

"வாரத்துக்கு ஒரு நாள் ஒன்பதடி மேஜை இருக்கிற இடத்துக்குப் போனா தோள் சரியாயிடும் மாமா. மணிக்கணக்குக்குத்தான் காசு வாங்கறாங்க, அதான்..." என்று இழுத்தான்.

இந்தக் கட்டுரைக்குப் பத்திரிகை கொடுக்கப்போகும் சன்மானத்தில் எத்தனை மணி நேரம் தேறும் என்று அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன். அன்றிரவு அவன் நன்றாகச் சாப்பிட்டான்.