பல பதிப்புகள், ஒரே கணினி: எங்கே நிறுவுவது?

கற்பிட்டி முதல் சிலாபம் வரையான கரையோரப் பாடசாலைகளில் ஆய்வுகூடக் கணினி ஒருவருக்கே உரியதல்ல. உயர்தர மாணவர் பைதன் பழகிவிட்டு எழுந்தால், அடுத்த வகுப்பு வந்து அமரும். அங்கே ஒரே மென்பொருளின் இரு பதிப்புகள் தேவைப்படுவது இயல்பு. பைதன் 3 வெளிவந்தது 2008 டிசெம்பரில். பைதன் 2 இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. ஆனாலும் பழைய பயிற்சிகள் இன்னும் கைமாறுகின்றன. ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி போடாத ஒரு வரி இருந்தாலே புதிய பதிப்பு அந்தச் செய்நிரலை ஏற்காது. அப்படியானால் இரண்டாவது பதிப்பை எங்கே வைப்பது?

பலர் முதலில் நாடுவது பணிசெயல் முறைமையின் சொந்த இடத்தை. இதன் பலம் பெரிது: பாதுகாப்புத் திருத்தங்கள் முறைமையின் ஏனைய திருத்தங்களோடு சேர்ந்தே வந்துவிடும், எல்லாப் பயனருக்கும் ஒரே பிரதி போதும். குறை என்னவென்றால், அந்தப் பைதனை முறைமையும் நம்பியிருக்கிறது. உபுண்டு 18.04 பைதன் 3.6 உடன் வந்தது. ‘பைதன்3’ என்ற பெயரை 3.7 இற்குத் திருப்பியவர்களுக்கு முனையச் சாளரமே திறக்க மறுத்தது. அதன் துணைக்கூறுகள் 3.6 இற்கென்றே தொகுக்கப்பட்டிருந்தன. 2023 இல் வந்த டெபியன் 12, முறைமையின் பைதனுக்குள் ‘பிப்’ என்ற நிறுவும் கருவி மூலம் நூலகங்களைத் திணிப்பதையே தடுத்துவிட்டது. அது சரியான முடிவு.

அடுத்தது பயனரின் சொந்தக் கோப்புறை. விண்டோஸில் பைதனின் வழமையான நிறுவியும் தானாக அங்கேதான் போகும். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டாம். ஒருவர் செய்த பிழை இன்னொருவரைத் தொடாது. தனி மடிக்கணினிக்கு இதைவிட நல்ல இடமில்லை. பொதுக் கணினியிலோ இருபது கணக்குகளுக்கு இருபது பிரதிகள், இருபது தரவிறக்கங்கள். மாணவர் பாடசாலையை விட்டுப் போன பிறகும் பிரதி வட்டில் கிடக்கும்.

மூன்றாவது, லினக்ஸின் ‘ஒப்ட்’ கோப்புறை. 2015 இல் வெளியான கோப்பு அடுக்கமைவுத் தரம் 3.0 இதைக் கூடுதல் மென்பொருளுக்கென்றே ஒதுக்குகிறது. லிப்ரே ஒபிஸ் தன் தளத்தில் தரும் லினக்ஸ் பொதிகள் பதிப்பெண் தாங்கிய பெயரோடு இங்கேதான் அமர்கின்றன. பழையதும் புதியதும் முட்டிக்கொள்வதில்லை. வேண்டாததை நீக்குவதும் எளிது.

இப்படித் தனிக் கோப்புறையை நாட எங்கள் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 பெப்ரவரி 9 இல் நாடே இருளில் மூழ்கியபோது நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்து மின்வெட்டும் வந்தது. மின் நிலையம் பக்கத்தில் இருப்பதால் மின்சாரம் நிச்சயம் என்றாகிவிடாது. பழையதன் மேலேயே புதியதை எழுதும் வேளையில் மின்சாரம் போனால் இரண்டும் கெடலாம். தனிக் கோப்புறையில் நிறுவினால், பாதியில் நின்றாலும் பழையது அப்படியே இயங்கும். முழுவதும் முடிந்து சோதித்த பின்னரே, பதிப்பைச் சுட்டும் இணைப்பைப் புதியதற்கு மாற்றலாம்.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. கையால் நிறுவியதற்குத் திருத்தங்கள் தாமாக வருவது அரிது; பொறுப்பாளர் மாறியதும் பழைய பதிப்பு ஓட்டையோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும். எந்தப் பதிப்பு, எதற்காக, யார், எப்போது நிறுவினார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் இந்த ஒழுங்கும் நாளடைவில் குப்பையாகும்.

ஆகவே பொதுக் கணினிக்கு என் முடிவு இது: முறைமையின் பதிப்பைத் தொடாதீர்கள். எல்லாருக்கும் தேவையான இரண்டாவது பதிப்பைப் பதிப்பெண்ணோடு ‘ஒப்ட்’ இல் ஒரே பிரதியாக வையுங்கள். மாணவருக்கு மாணவர் வேறுபடும் நூலகங்களை அவரவர் கோப்புறையில் மெய்நிகர் சூழலாக அமையுங்கள். ஒவ்வொரு தவணையின் முடிவிலும் பட்டியலைப் பார்த்து, பயனற்றதை நீக்குங்கள். ஆய்வுகூடப் பொறுப்பாசிரியர்கள் இந்தப் பட்டியலை இந்தத் தவணையிலேயே எழுதத் தொடங்க வேண்டும்.