எழுபது கொண்டை ஊசிகளும் ஒரு கோட்பாடும்

கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியில் வண்டி ஏறத் தொடங்கும்போது சாலையோரம் முள்ளும் புதரும்தான். நடுமலையில் கோடைக்கு இலை உதிர்க்கும் காடு. எழுபது வளைவும் தாண்டிச் சோளக்காட்டில் இறங்கினால் காற்றே வேறு. ஆயிரம் மீட்டருக்கு மேல், பள்ளங்களில் இன்னும் சோலை மிச்சமிருக்கிறது. ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று தட்பவெப்பம்.

ஓடைகளைப் பற்றிய ஒரு பெரிய கருத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான மலை கிடைக்காது. 2015-இல் ஓடை ஆய்வாளர் வால்டர் டாட்ஸும் அவருடைய அமெரிக்க சகாக்களும் முன்வைத்த கருத்து அது. வெப்பமும் மழையும் தாவரத்தைத் தீர்மானிக்கின்றன, தாவரம் ஓடையைத் தீர்மானிக்கிறது என்பது சாரம். பாலையிலிருந்து புல்வெளி வழியே ஈரக்காட்டுக்குப் போகப் போக நீர் வற்றாது, வெற்றுத்தரை குறையும், மண்ணரிப்பு தணியும். ஓடைவாழ் உயிர்கள் பாசியை விட்டுக் கரையிலிருந்து விழும் இலையை நம்பும். அவற்றின் வகைகளும் பெருகும்.

இதற்கு முன் கோலோச்சியது 1980-இல் வனோட் குழுவினர் தந்த ஓடைச் சித்திரம். அது வட அமெரிக்கக் காட்டோடையை மனத்தில் வைத்து வரைந்தது. நிழலில்லாத ஓடையைக் குறைபட்ட ஓடையாகவே பார்க்கும் பழக்கத்தை டாட்ஸ் முறித்தார். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் இந்த மலையின் அய்யாறு அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அறப்பளீஸ்வரர் கோவிலருகே ஓடி, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அடிவாரத்து வறண்ட வெயிலில் ஓடுவது மேலே பெய்த மழை. அங்கே நிற்கிறவர் அந்த ஊர் வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணித்தால் தவறிவிடுவார். செங்குத்தான சிறு மலைகளில் ஓடைக்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது.

இரண்டாவது சிக்கல் நாள்காட்டி. இங்கே தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். தை பிறந்தபின் வானம் கையை விரித்துவிடும். ஆண்டு மொத்த மழையை மட்டும் வைத்துக் கோடு இழுத்தால், ஐப்பசியில் பெருகிப் பங்குனியில் குட்டையாகச் சுருங்கும் ஓடைக்கும் ஆண்டு முழுக்கச் சீராக ஓடும் ஓடைக்கும் வித்தியாசமே தெரியாது. மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் அந்த மூன்று மாத வறட்சிதான் வாழ்வா சாவா.

மூன்றாவதுதான் கனமானது. சோலைக்குள் ஓடும் நீரில் ஒரு கல்லைப் புரட்டுங்கள். மணலைப் பட்டுநூலால் ஒட்டிக் குழல் கட்டிக் குடியிருக்கும் புழு அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் மட்கிய இலைக்கொத்து. சற்றுத் தள்ளி, அதே மழை பெய்யும் சரிவில், குச்சிக்கிழங்கு வயலுக்குக் கீழே இன்னொரு கல். வழுக்கும் பாசி, கல்லிடுக்கெல்லாம் செம்மண் வண்டல். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலம் சேகோ ஆலைக்கான கிழங்குக்கு மாறியபோது தட்பவெப்பம் மாறவில்லை. கிழங்கைப் பிடுங்கும்போது மண் புரளும், அடுத்த மழை அதை ஓடையில் சேர்க்கும். ஈரக்காட்டில் வெற்றுத்தரை குறையும் என்ற கணிப்பு இந்தச் சரிவில் கவிழ்கிறது. காபித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் நிழல் தருகிறதே என்பார்கள். நிழல் உண்டு. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த மரத்தின் இலை எளிதில் மட்காது. புழுவுக்கு அது பந்தல்தான், பந்தியல்ல.

கண்டங்களை ஒப்பிடும் கோட்பாட்டை ஒரு மலையின் இரண்டு ஓடைகளில் நிறுத்துவது நியாயமா? கோட்பாட்டாளர் கேட்கலாம், கேட்பதும் சரி. அவர் வரைந்தது மனிதக் கை படுவதற்கு முந்தைய அச்சை. ஆனால் ஓடைகளைக் காக்கவும் இந்தக் கருத்து உதவும் என்றும் சொல்கிறாரே, அப்போது கிழங்கு வயலும் கணக்கில் வந்தாக வேண்டும்.

என் தீர்ப்பு: கொல்லிமலை ஓடை எவ்வளவு செழிக்க முடியும் என்பதைத் தட்பவெப்பம் சொல்கிறது, எவ்வளவு செழித்திருக்கிறது என்பதைக் கரைதான் சொல்கிறது. முதல் பாதிக்கு டாட்ஸ் போதும், இரண்டாம் பாதிக்குப் போதாது. இங்கே ஓடை ஆய்வுக்கு வருகிறவர்கள் மழைமானியோடு நிற்காமல், கரையில் என்ன பயிர், எத்தனை அடி தள்ளி உழுதிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு போகட்டும்.