ஒரே மணி, ஐந்து அளவு

கைபேசிச் செயலியில் ஒரு சின்ன மணிப் படம். திரை எதுவானாலும் அதன் அகலம் 48 டிபிதான் (டிபி: திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத அலகு). ஆனால் ஆண்ட்ராய்டு செயலியின் கோப்புறைகளைத் திறந்து பார்த்தால், அதே மணி ஐந்து அளவுகளில் காத்திருக்கும்: 48, 72, 96, 144, 192 பிக்சல். அங்குலத்துக்கு 160 புள்ளி உள்ள திரைக்கு முதலாவது. 640 புள்ளி உள்ளதற்குக் கடைசி. தனக்குப் பொருந்துவதைக் கைபேசியே எடுத்துக்கொள்ளும்.

சின்னப் படத்தை அடர்த்தியான திரையில் இழுத்துப் பெரிதாக்கினால் மணியின் நாக்கு மங்கிக் குழைந்துவிடும். சரியான படத்தை வைத்ததும் அதன் விளிம்பு கம்பி இழுத்தாற்போல் தெளிவாக நிற்கும். விலை குறைந்த கைபேசியோ, உயர்ந்ததோ, பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே மணி. யார் கண்ணிலும் படாத அந்த உழைப்புதான் எனக்கு எத்தனை அழகாகத் தெரிகிறது!