மணிமேகலையில் மழையும் கடலும்

மழையையும் புயலையும் படைக்கலமாக்கும் பகைவரைக் கூறும் திகிற்கதைகள் இந்நாளிற் பல. அவை முற்றும் கற்பனையல்ல. வியட்நாம் போரில், 1967 முதல் 1972 வரை, பகைவர் வழிகளைச் சேறாக்குமாறு அமெரிக்கப் படையினர் முகில்களில் வெள்ளி அயோடைடு தூவி மழை பெருக்க முயன்றனர். இத்தகு போர்முறையை விலக்கும் உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 1976-இல் ஏற்றது.

இக்கருத்தின் தொல்வடிவம் மணிமேகலையில் உண்டு. மகனை இழந்த சோழன் இந்திர விழாவை மறந்தான். காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரைக் கடல் கொண்டது. திகிற்கதையாசிரியர் இங்குப் பேரலையை விரித்துரைப்பர். சாத்தனாரோ அதனை மணிபல்லவத்தில் தீவதிலகை உரைக்கும் செய்தியாகச் சுருக்கி, தனியே செல்லும் மன்னனையே நம் உள்ளத்தில் நிறுத்துகிறார்.

இதனினும் நுட்பமுடையது ஆபுத்திரன் வரலாறு. பன்னீராண்டு வறங்கூர்ந்த பாண்டி நாட்டில் அமுதசுரபி கொண்டு பசி தீர்த்த அவன், வரந்தர வந்த இந்திரனை எள்ளினான். சினந்த இந்திரன் இடியேவவில்லை; மழையேவினான். நாடு செழித்தது, உண்பாரின்றி அறச்சாலை வறிதாயிற்று. ஈவோனுக்கு ஏற்போரின்மையே தண்டமாயிற்று. பின்னர் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன், தன்னுயிர் மட்டும் ஓம்ப மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகியில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

மழையை வாழ்வெனப் போற்றும் காவிரி நாட்டுக் காப்பியம், அம்மழையும் ஓர் அறவோனை வீழ்த்தும் எனக் கண்டது. திகிற்கதைகளிற் பெரும்பாலன படைக்கலம் எவர் கையில் என்றே வினவுகின்றன. அஃது எவர் அறத்தைத் தாக்கிற்று என வினவியமையே சாத்தனாரின் தனித்திறம் என்பது எம் துணிபு.